பார்க்கர் சாலையிலிருந்து தெங்காவுக்கு: ஓர் ஆண்கள் தொடக்கப்பள்ளி யாரைத் தன் பிள்ளை என்கிறது?

2024 பிப்ரவரி 20 அன்று சிங்கப்பூர்க் கல்வி அமைச்சும் ஆங்கிலோ-சீனப் பள்ளியின் (சுருக்கமாக ஏசிஎஸ்) ஆளுநர் மன்றமும் சேர்ந்து ஓர் அறிவிப்பை வெளியிட்டன. நியூட்டன் பக்கம் பார்க்கர் சாலையில் இருக்கும் ஏசிஎஸ் பிரைமரி, 2030-இல் தீவின் மேற்கே எழும் தெங்கா புதுநகருக்கு இடம் மாறும். அந்த ஆண்டிலிருந்து தொடக்கநிலை ஒன்றில் பெண்பிள்ளைகளும் சேர்வார்கள். ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் என்றிருந்த ஒரு தொடக்கப்பள்ளி அப்படி இருப்பதை நிறுத்திக்கொள்ளப் போகிறது.

அடுத்த சில நாள்களுக்குப் பேச்செல்லாம் இதுதான். 'பாரம்பரியம் போச்சு' என்றார்கள் முன்னாள் மாணவர்களில் ஒரு சாரார். 'என் மகளையும் இனி அங்கே சேர்க்கலாம்' என்று மகிழ்ந்தார்கள் இன்னொரு சாரார். இரண்டு தரப்பும் பெண்பிள்ளைகள் வருவதைப் பற்றியே பேசின. எனக்கென்னவோ அந்த அறிவிப்பில் பெரிய செய்தி முகவரிதான் என்று படுகிறது. ஏன் என்று சொல்ல, பள்ளி தொடங்கிய நாளிலிருந்து வர வேண்டும்.

ஒரு கடைவீட்டில் 13 பையன்கள்

ஏசிஎஸ்ஸைத் தொடங்கியவர் வில்லியம் ஓல்டம். 1854-இல் பெங்களூரில் பிறந்தவர். அரசாங்க நில அளவையாளராக வேலை பார்த்துவிட்டு, மெதடிஸ்ட் ஊழியத்துக்கு வந்தவர். 1885-இல் சிங்கப்பூரில் இறங்கியபோது அவருக்கு இங்கே யாரையும் தெரியாது. சீன வணிகர்கள் கூடும் விவாதச் சங்கம் ஒன்றில் வானியல் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். அதைக் கேட்ட டான் கியோங் சைக் என்ற வணிகர், தனக்கு ஆங்கிலம் சொல்லித்தர முடியுமா என்று கேட்டார். அந்தப் பழக்கம் வளர்ந்துதான் 1886 மார்ச் 1 அன்று, 70 அமோய் ஸ்ட்ரீட்டில் ஒரு கடைவீட்டில், 13 பையன்களோடு பள்ளி தொடங்கியது. சீனமும் ஆங்கிலமும் கற்பித்ததால் பெயரே ஆங்கிலோ-சீனப் பள்ளி ஆயிற்று. இன்றைக்கும் மார்ச் 1 அவர்களுக்கு நிறுவனர் நாள்.

அந்த 13 பேரும் சீன வணிகர்களின் பிள்ளைகள். தன்னைச் சுற்றி யார் கேட்டார்களோ அவர்களுக்குத்தான் ஓல்டம் பள்ளி திறந்தார். அதில் ஒன்றும் தப்பில்லை. மறு ஆண்டு, 1887-இல், அதே மெதடிஸ்ட் சபையின் சோஃபியா பிளாக்மோர் என்ற ஆஸ்திரேலியப் பெண்மணி ஒரு பெண்கள் பள்ளியைத் தொடங்கினார். அதில் முதலில் சேர்ந்தவர்கள் ஒன்பது பேர், எல்லாரும் தமிழ்ப் பெண்பிள்ளைகள். பெயரே தமிழ்ப் பெண்கள் பள்ளி. இன்றைக்கு சிங்கப்பூரின் பெயர்பெற்ற பள்ளிகளில் ஒன்றான மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் ஆதி அதுதான். சீனப் பையன்களுக்கு ஒரு கடைவீடு, தமிழ்ப் பெண்களுக்கு ஒரு கடைவீடு: இந்த மிஷன் கல்வியில் யார் உள்ளே, யார் வெளியே என்பதை எப்போதுமே பக்கத்துத் தெருதான் தீர்மானித்திருக்கிறது.

அமோய் ஸ்ட்ரீட்டில் இருந்து கோல்மன் ஸ்ட்ரீட்டுக்குப் பள்ளி சீக்கிரமே நகர்ந்தது. அங்கே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கட்டடம் ஒன்று பிறகு தபால்தலை அருங்காட்சியகம் ஆயிற்று. 2022 டிசம்பரிலிருந்து அது சிறுவர் அருங்காட்சியகம். ஆக, 'ஏசிஎஸ் இடம் மாறுவதா' என்று கொதிப்பவர்கள் நினைவில் வைக்க ஒரு விஷயம்: இந்தப் பள்ளி நகராமல் இருந்ததே இல்லை.

1914-இல் முன்னாள் மாணவர் சங்கம் அமைந்தது. துணைப் பிரதமராக இருந்த கோ கெங் சுவீ இங்கே படித்தவர். இப்போதைய அதிபர் தர்மன் சண்முகரத்னமும் ஏசிஎஸ் மாணவர்தான். ஏசிஎஸ் என்றாலே 'பணக்காரப் பையன்கள், காரில் வந்து இறங்குகிறவர்கள்' என்று ஊரில் ஒரு கேலி உண்டு. எல்லாரும் அப்படியில்லை என்பது அங்கே படித்தவர்களுக்குத் தெரியும். கேலி எங்கிருந்து வந்தது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

சுவரில் ஆறு சொற்கள்

சிங்கப்பூரில் எந்தத் தொடக்கப்பள்ளிக்குப் போனாலும் சுவரில் கொஞ்சம் முன்னே பின்னே அதே சொற்கள் இருக்கும். மரியாதை, பொறுப்புணர்வு, மீள்திறன், நேர்மை, அக்கறை, நல்லிணக்கம் என்று அமைச்சின் பட்டியலில் ஆறு விழுமியங்கள். பள்ளிகள் தங்கள் பங்குக்கு இரண்டு மூன்றைச் சேர்த்து, ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து ஒரு சொல் வருமாறு செய்து, படிக்கட்டில் ஒட்டிவிடுவார்கள். மிஷன் பள்ளியானால் கூடவே ஒரு வேதவசனம். இவற்றைப் படித்து ஒரு பள்ளியை இன்னொன்றிலிருந்து பிரித்தறிய முடியாது. நானும் முயன்று பார்த்திருக்கிறேன்.

விழுமியங்கள் பிள்ளைகளிடம் இறங்குவது வேறு வழியில். 2016 முடிவதற்குள் எல்லாப் பள்ளிகளிலும் மாணவர்களே தினமும் துப்புரவு வேலை செய்யும் வழக்கத்தைக் கொண்டுவர அமைச்சு முடிவு செய்தது. சில நிமிட வேலைதான். வீட்டில் பணிப்பெண் தட்டை எடுத்துப் பழகிய பையனும் வகுப்பில் விளக்குமாறு பிடிக்க வேண்டும். முதல் வாரம் அவன் குப்பையைக் கூட்டுவதில்லை, இடம் மாற்றுகிறான். பக்கத்து மேசைக்காரன் கத்துவான். மூன்றாம் வாரத்தில் முறத்தைச் சாய்த்துப் பிடிக்கும் கோணம் பிடிபட்டுவிடும். ஆண்கள் பள்ளியில் இதற்கு ஒரு கூடுதல் பலன் உண்டு. கலப்புப் பள்ளியில் மேசை துடைக்கும் வேலையைச் சத்தமில்லாமல் பெண்பிள்ளைகள் தலையில் கட்டிவிட்டு நழுவுகிற பையன்கள் உண்டு. இங்கே தள்ளிவிட ஆள் கிடையாது.

எனக்கு ஆண்கள் பள்ளி பழக்கமானது, மகனுக்கு இடம் தேடிய காலத்தில். பெற்றோர் தொண்டூழியராக ஒரு பள்ளியில் 40 மணி நேரம் கொடுத்தேன், பெயர் வேண்டாம். பெரும்பாலும் நூலகத்தில் புத்தகம் அடுக்குகிற வேலை. ஜனவரி முதல் வாரத்தில் மட்டும் கேண்டீனுக்கு அனுப்பினார்கள். தொடக்கநிலை ஒன்றில் அப்போதுதான் சேர்ந்திருக்கிற வாண்டுகளுக்கு, ஆளுக்கொரு ஐந்தாம் வகுப்புப் பையன் துணை. பெரியவன் சின்னவனை வரிசையில் நிறுத்தி, கடைக்காரம்மாவிடம் எப்படிக் கேட்பது என்று காட்ட வேண்டும்.

ஒரு சின்னவன் கையில் ஐந்து வெள்ளி நோட்டு. மீ சூப் வாங்கினான். மீதிச் சில்லறையைத் தட்டிலேயே போட்டுக்கொண்டு நடந்தான், ஒரு காசு சூப்புக்குள் விழுந்தது. அழுகை தொண்டை வரை வந்துவிட்டது. துணைப் பையன் ஒன்றும் சொல்லவில்லை. முள்கரண்டியால் காசை எடுத்து, தன் சட்டையிலேயே துடைத்து, சின்னவனின் பையில் போட்டு, பையின் ஜிப்பை இழுத்து மூடினான். அப்புறம் அந்தக் கிண்ணத்தைத் தான் எடுத்துக்கொண்டு, தன்னுடைய சோற்றை அவனிடம் தள்ளினான். இதையெல்லாம் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியரை நான் பார்க்கவில்லை. நாலு வருடத்துக்கு முன் அவனுக்குத் துணையாக வந்தவன் செய்ததைத்தான் செய்தானோ என்னவோ.

(இப்போது பிள்ளைகள் பலர் கைக்கடிகாரத்தைத் தட்டியே காசு கொடுத்துவிடுகிறார்கள். சூப்பில் காசு விழுவது குறைந்திருக்கும்.)

நல்லிணக்கம், மூன்று அறைகளில்

இங்கே ஒரு விசித்திரத்தைச் சொல்லாமல் போக மனமில்லை. சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளிகளில் குணநலன், குடிமைக் கல்வி தாய்மொழிப் பாட நேரத்தில், தாய்மொழி ஆசிரியரால் நடத்தப்படுகிறது. விழுமியங்கள் அவரவர் மொழியில்தான் மனதில் இறங்கும் என்பது நியாயம். அதில் நாம் பெருமைப்படலாம். 'பகிர்ந்துண்' என்பது தமிழில் கேட்டால் வேறு மாதிரிதான் கேட்கும்.

ஆனால் மணி அடித்ததும் என்ன நடக்கிறது? வகுப்பு மூன்றாகப் பிரிகிறது. சீனப் பையன்கள் பெரும்பாலும் அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். மலாய்ப் பையன்கள் ஒரு அறைக்கும், தமிழ் எடுப்பவர்கள் இன்னொரு அறைக்கும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போவார்கள். பல பள்ளிகளில் ஒரு வகுப்பில் தமிழ்ப் பையன்கள் விரல்விட்டு எண்ணும் அளவே இருப்பதால், நான்கைந்து வகுப்புகளிலிருந்து சேர்ந்து ஒரு தமிழ் வகுப்பு உருவாகும். பஞ்சாபி, இந்தி, வங்காளம் எடுக்கும் இந்தியப் பிள்ளைகளின் ஏற்பாடு தனி. பிறகு அந்தந்த அறையில், அந்தந்த மொழியில், இன நல்லிணக்கம் பற்றிப் பாடம் நடக்கும்.

காலையில் இதே பையன்கள் ஒரே வரிசையில் நின்று, நெஞ்சில் கைவைத்து, இனம், மொழி, மதம் என்ற வேற்றுமை பாராமல் ஒன்றுபட உறுதி சொன்னவர்கள். 1966-இல் அந்தப் பற்றுறுதியை எழுதியவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ். ராஜரத்தினம். ஜூலை 21 வந்தால் இன நல்லிணக்க நாள்; 1964 கலவரத்தின் நினைவாக 1997-இலிருந்து பள்ளிகள் கொண்டாடுகின்றன. அன்றைக்குச் சீனப் பையன் குர்தாவிலும் தமிழ்ப் பையன் சீனச் சட்டையிலும் வந்து படம் எடுத்துக்கொள்வார்கள். கேலி செய்யவில்லை, என் வீட்டிலும் அப்படி ஒரு படம் இருக்கிறது. ஆனாலும் வேறு இனத்துப் பையனோடு உண்மையில் பழகும் இடம் கேண்டீன் வரிசையும் உதைபந்துத் திடலும்தான். அந்த வரிசையில் யார் யார் நிற்கிறார்கள் என்பதைச் சேர்க்கை முறை முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது.

வாசலில் எத்தனை கதவுகள்

தொடக்கநிலை ஒன்றுக்கான பதிவு கட்டம் கட்டமாக நடக்கும். முதல் கட்டம், ஏற்கெனவே அங்கே படிக்கும் பிள்ளையின் தம்பிகளுக்கு. அடுத்தது 2ஏ: பெற்றோரோ அண்ணனோ அங்கே படித்திருந்தால், பெற்றோர் முன்னாள் மாணவர் சங்க உறுப்பினராக இருந்தால், அங்கே வேலை பார்த்தால். பிறகு 2பி: தொண்டூழியம் செய்த பெற்றோர், தேவாலயம் அல்லது குலச்சங்கத் தொடர்புள்ளவர்கள், சமூகத் தலைவர்கள். அதற்கும் பிறகு 2சி: எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள். ஒரு கட்டத்தில் இடத்தைவிட ஆள் அதிகமானால் குடியுரிமையும் தூரமும் பார்ப்பார்கள். பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் வீடு உள்ளவர் முதலில், பிறகு 1 முதல் 2 கிலோமீட்டர், பிறகு மற்றவர்கள். அதிலும் மிஞ்சினால் குலுக்கல்.

என் 40 மணி நேரம் குலுக்கலில் போயிற்று. மகன் அடுக்குமாடிக்குக் கீழே இருக்கும் பள்ளியில் சேர்ந்து நன்றாகவே படித்தான். ஆறின கதை. ஆனால் அந்த ஆண்டு முழுக்க எனக்கு ஒரு கேள்வி குடைந்துகொண்டிருந்தது. 'அக்கறை' என்று சுவரில் எழுதியிருக்கிற பள்ளிக்கு, என் அக்கறை ஓர் அனுமதிச் சீட்டுக்கான மணிக்கணக்காகத்தானே கொடுக்கப்பட்டது? நான் உண்மையாகவே நூலகத்தை விரும்பினேன். இருந்தாலும் மணி நேரத்தைக் குறித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

அரசாங்கத்துக்கும் இந்த உறுத்தல் இருந்தது. 2013-இல் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் தேசிய தினப் பேரணி உரையில் இதைப் பேசினார். 2014 பதிவிலிருந்து ஒவ்வொரு பள்ளியிலும் 2பி-க்கு 20, 2சி-க்கு 20 என 40 இடங்கள் ஒதுக்கப்பட்டன. 2022 பதிவில் 2சி ஒதுக்கீடு 40 ஆயிற்று, மொத்தம் 60. தொடக்கநிலை ஒன்றில் வகுப்புக்கு 30 பிள்ளைகள் என்பதால், இது இரண்டு வகுப்பு. பெயர்பெற்ற பள்ளியில் மீதியைப் பெரும்பாலும் அண்ணன் தம்பிகளும் முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளும் நிரப்புவார்கள்.

இதைத் தப்பு என்று ஒரே அடியாகச் சொல்லிவிட எனக்கு வாய் வரவில்லை. அப்பா பாடிய பள்ளிப் பாட்டை மகனும் பாடுவது, தாத்தா காலத்து ஆசிரியரைப் பற்றிய கதை சாப்பாட்டு மேசையில் வருவது, நிதி திரட்ட வேண்டும் என்றால் ஐம்பது வயது ஆள்கள் அரைக்கால் சட்டை மாட்டிக்கொண்டு ஓட வருவது, இவையெல்லாம் பரம்பரைச் சேர்க்கையில்தான் உருவாகின்றன. சமூகம் என்று நாம் சொல்வதே பாதிக்கு மேல் இதுதான். ஆனால் பார்க்கர் சாலையைச் சுற்றி 1 கிலோமீட்டர் வட்டம் போட்டால் அதற்குள் விழுவது பெரும்பாலும் தனிவீடுகளும் கொண்டோமினியம் என்கிற தனியார் அடுக்குமாடிகளும். பரம்பரைக் கதவில் நுழைய முடியாதவனுக்கு மிச்சமிருக்கும் தூரக் கதவும், அந்த வட்டத்துக்குள் வீடு வாங்க வசதி உள்ளவனுக்கே சாதகம்.

இன்னொரு கதவும் இருந்தது. மீத்திறன் மாணவர் திட்டத்தை நடத்திய ஒன்பது தொடக்கப்பள்ளிகளில் ஏசிஎஸ் பிரைமரியும் ஒன்று. தேர்வில் தேறியவர்கள் வேறு பள்ளிகளிலிருந்து நான்காம் வகுப்பில் வந்து சேரலாம். 1984-இல் தொடங்கிய அத்திட்டம் இப்போதுள்ள வடிவில் தொடராது என்று 2024 ஆகஸ்டில் பிரதமர் லாரன்ஸ் வோங் அறிவித்தார்.

தெங்காவின் வட்டம்

தெங்கா சுமார் 700 ஹெக்டர் நிலம். ஒரு காலத்தில் செங்கல் சூளைகள், பிறகு ராணுவப் பயிற்சிக் காடு. சூளைகளின் நினைவாக ஒரு வட்டாரத்துக்கு பிரிக்லேண்ட் என்றே பெயர். முழுதும் எழும்போது சுமார் 42,000 வீடுகள், அவற்றில் ஏறக்குறைய 30,000 வீவக வீடுகள், அதாவது அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டுபவை. முதல் வீடுகள் 2018 நவம்பரில் விற்பனைக்கு வந்தன. குடிவருபவர்கள் பெரும்பாலும் இளம் தம்பதிகள். அவர்களுக்குப் பள்ளி வேண்டும். மறுபக்கம், ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமான ஏசிஎஸ் ஜூனியரும் நியூட்டனுக்குப் பக்கத்தில், விண்ஸ்டட் சாலையில்தான் இருக்கிறது. ஒரே குடும்பத்துப் பள்ளிகள் இரண்டு ஒரே வட்டாரத்தில், வீடுகள் வேறெங்கோ. அறிவிப்பின் பின்னால் உள்ள கணக்கு இவ்வளவுதான்.

புது ஊரில் ஆண்கள் பள்ளியாகவே போயிருக்கலாமே என்று கேட்டவர்கள் உண்டு. புது ஊரில் இருப்பதே சில பள்ளிகள். அதில் ஒன்று பையன்களுக்கு மட்டும் என்றால், மகளும் மகனும் உள்ள வீட்டில் காலை ஆறரை மணிக்கு இரண்டு திசையில் ஓட வேண்டும். மேலும் ஏசிஎஸ் குடும்பத்துக்குப் பெண்கள் புதிதும் இல்லை. 1977-இல் தொடங்கிய, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்புக்கான அவர்களின் தொடக்கக்கல்லூரியில் பெண்கள் முதலிலிருந்தே படிக்கிறார்கள். கோல்மன் ஸ்ட்ரீட்டுக்குப் பக்கத்தில், ஆர்மினியன் ஸ்ட்ரீட்டில் இருந்த டாவ் நான் பள்ளியும் ஆண்கள் பள்ளியாகத் தொடங்கியதுதான். பிறகு பெண்களைச் சேர்த்தது, 1982-இல் மரீன் பரேடுக்கு நகர்ந்தது. பழைய கட்டடம் இப்போது பெரானக்கான் அருங்காட்சியகம். அந்தப் பள்ளியின் மதிப்பு அதனால் குறைந்தது என்று இன்றைக்கு யாரும் சொல்வதில்லை.

இழப்பே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். கேண்டீனில் அந்த ஐந்தாம் வகுப்புப் பையன் செய்தது, பார்க்க யாருமில்லை என்று நினைத்துச் செய்தது. பத்து வயதில் பையன்கள் தங்களுக்குள் மட்டும் இருக்கும்போது ஒரு மாதிரி மென்மை வெளியே வருகிறது. பெண்பிள்ளைகள் முன்னால் அதே பையன் வீறாப்பாக நின்றிருக்கலாம். நிற்காமலும் இருந்திருக்கலாம். இதை எந்தக் கூட்டத்திலும் நிரூபிக்க முடியாது. ஆண்கள் பள்ளிதான் வேண்டும் என்பவர்கள் பாரம்பரியம், பெயர், முன்னாள் மாணவர் உணர்வு என்று பேசியதற்குப் பதிலாக இதைப் பேசியிருந்தால் நான் இன்னும் கவனமாகக் கேட்டிருப்பேன்.

சேர்க்கைக் கதவுகள் இப்போதுள்ளபடியே இருந்தால் தெங்காவில் வேடிக்கையான ஒன்று நடக்கும். 2ஏ கதவு முன்னாள் மாணவர்களுக்குத் திறந்தே இருக்கும். ஆனால் பார்க்கர் சாலையில் இருந்துகொண்டு தினமும் தெங்காவுக்குப் பிள்ளையை அனுப்பும் அப்பா எத்தனை பேர்? பள்ளியின் மேல் உயிரையே வைத்திருக்கிறவர் தெங்காவில் வீடு வாங்கிக் குடிபோகலாம். அங்கே அவர் பக்கத்து வீட்டுக்காரர் ஆகிவிடுவார். போகாதவரின் இடம் அடுத்த கட்டங்களுக்கு இறங்கும். அங்கே 1 கிலோமீட்டர் வட்டத்துக்குள் விழுவது வீவக அடுக்குமாடிகள்தான். கேண்டீன் வரிசை மாறுவது இப்படித்தான். சுவரிலுள்ள ஆறு சொற்களில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

2030-இல் தொடக்கநிலை ஒன்றில் சேரப்போகிறவர்கள் 2023-இல் பிறந்தவர்கள். தெங்காவில் முதல் குடும்பங்கள் சாவி வாங்கியதும் அதே ஆண்டில்தான். அவர்களுக்கான பதிவு 2029-இன் நடுவில் நடக்கும். விதி மாறாவிட்டால், 2பி கட்டத்தில் முயல நினைக்கும் பெற்றோர் 2028 ஜூலை 1-க்குள் தொண்டூழியராகச் சேர்ந்து, அடுத்த ஜூன் 30-க்குள் 40 மணி நேரத்தை முடிக்க வேண்டும். பள்ளி அப்போதும் பார்க்கர் சாலையில்தான் இருக்கும். தெங்காக்காரர்கள் தீவின் பாதியைக் கடந்து வந்து, இன்னும் பையன்கள் மட்டுமே படிக்கும் நூலகத்தில், மகளுக்காகப் புத்தகம் அடுக்குவார்கள்.